பழுப்பு நிறத்தில் ஒரு நீலன்

எனக்குக் கோடு போட வரும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த என்னை டொராண்டோவுக்கு எட்டு வாரம் வரவழைத்தது அந்தக் கோடுதான். களக்காட்டு மலையில் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். டொராண்டோவில் ஓர் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவைக் கவனித்துவந்த டாக்டர் வில்மட் அதைப் பார்த்திருக்கிறார். கட்டுரையைப் படித்தாரா என்று தெரியாது. படங்களைப் பார்த்துவிட்டு, இந்தக் கை எங்களுக்கு வேண்டும் என்று கடிதம் போட்டார்.

அவரிடம் ஒரு பெட்டி நிறையப் பூச்சிகள் இருந்தன. தென் அமெரிக்காவின் உயர்ந்த மலைகளில், மரம்கூட முளைக்காத உயரத்தில் பறக்கிறவை. நீலன் என்று இந்தக் குடும்பத்துக்கே பொதுப் பெயர். அவற்றை இனம் பிரித்து, புதியவற்றுக்குப் பெயர் வைத்து, நூலாக வெளியிட வேண்டும். பெயர் வைப்பது அவர் பாடு, வரைவது என் பாடு என்று ஏற்பாடு.

தங்கியது சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினேழாவது மாடியில், தேவி அக்கா வீட்டில். தேவி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கல்லூரியில் எனக்கு நாலைந்து வருடம் முன்னால் படித்தவர். இப்போது டொராண்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். அவர் கணவர் பரமேஸ், பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. நான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். முதல் தடவை திடுக்கிட்டார். இரண்டாம் நாளிலிருந்து கூப்பிடுவதற்கு முன்பே திரும்பிப் பார்த்தார்.

"ரீச்சர், உங்கட சீலைக்கு மேலை இந்தக் கோட்டைப் போடுங்கோ. ஒக்ரோபர் எண்டு நம்பாதேங்கோ, காத்து ஆளைத் தூக்கும்" என்று தேவி அக்கா தன் கோட்டைக் கொடுத்தார். அவர் என்னைவிட அரை அடி உயரம். கோட்டுக்குள் நான் உறைக்குள் போட்ட தலையணையாக நடந்தேன்.

முதல் நாளே ஸ்ட்ரீட்காரில் மானம் போனது. தண்டவாளத்தில் ஓடும் பேருந்து போன்ற வண்டி அது. என் நிறுத்தம் வந்ததும் பின்கதவருகே போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. எங்கள் ஊரில் நடத்துநர் விசில் அடிப்பார், இறங்குவோம். இங்கே நடத்துநரே கிடையாது. ஓட்டுநர் எப்படியும் பார்ப்பார் என்று கௌரவமாக நின்றுகொண்டே மூன்று நிறுத்தம் போய்விட்டேன். கடைசியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "அம்மா, கீழ்ப்படியில் காலை வையுங்கள். நீங்கள் மிதிக்காமல் அது திறக்காது" என்றார். மிதித்தேன். திறந்தது. மூன்று நிறுத்த தூரம் கோட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி மிதித்தேன்.

டாக்டர் வில்மட் ஒல்லியான, கூச்சமான மனிதர். கை குலுக்கும்போதே மன்னிப்புக் கேட்பவர். என்னை நேரே ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போய், "வடக்கு வெளிச்சம். உங்களுக்காக நானே இந்த மேசையைப் பிடித்துவைத்தேன்" என்றார். நுண்ணோக்கியில் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தியிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பூச்சியும் நம் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பென்சிலை அந்த உருவத்தின் ஓரமாக ஓட்ட வேண்டியதுதான். கேட்க எளிது. கை நடுங்குகிறவர்கள் பக்கத்தில் வரக்கூடாத வேலை.

இந்த நீலன்களை இறகைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. அண்ணன் தம்பி போல எல்லாம் ஒரே முகமாக இருக்கும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் கொக்கியும் இடுக்கியுமாக ஓர் உறுப்பு உண்டு. அதுதான் இனத்துக்கு இனம் மாறும். வயிற்றைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் சூடுகாட்டி, சதையைக் கரைத்து, மிஞ்சும் தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் இந்தப் பாடம் வரும்போது "வயிற்று நுனி" என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். டொராண்டோவில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு ஆண்கள் காபி குடித்துக்கொண்டே அதைப் பற்றி வானிலை பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாடுதான் தண்டனை. நான் சைவம். உணவுக்கூடத்துப் பெண்மணியிடம் காய்கறி சூப்பா என்று கேட்டு வாங்கினால், அதில் ஒரு எலும்பு மிதந்தது. "அது வாசனைக்காகத்தான், கண்ணே" என்றார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் ஆப்பிளுமாக ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு தேவி அக்கா இடியப்பத்தைச் சின்ன டப்பாவில் கட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். சம்பல் காய்ந்த தேங்காய்த் தூளில்தான், ஆனாலும் மிளகாய் மிளகாயாகவே இருந்தது. ஒருநாள் வில்மட் ஆசையாக ஒரு விள்ளல் கேட்டு வாங்கித் தின்றார். அன்று பிற்பகல் முழுக்க அவர் தண்ணீர்க் குழாயடியிலேயே இருந்தார்.

இரண்டாம் வார முடிவில் அவர் என் மேசைக்கு வந்து, ஒற்றைப் பூச்சி குத்தியிருந்த பெட்டியை வைத்தார். நல்ல நீலம். கத்தரிப்பூவில் வெயில் பட்டால் வருமே, அந்த நீலம். "இறகு அந்த மலையில் சாதாரணமாகக் கிடைக்கும் நீலனுடையது போலவே இருக்கிறது. ஆனால் வயிற்று உறுப்பு உலகத்தில் எதோடும் ஒத்துப்போகவில்லை. நூலின் மகுடமே இதுதான்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இதற்கு உங்கள் பெயரை வைக்க விரும்புகிறேன்" என்றார்.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் மானங்கெட்ட வேலை. இன்னொருவர் மனமுவந்து வைக்க வேண்டும். வைத்துவிட்டால் யாராலும் பறிக்க முடியாது. சிவகாமி என்கிற என் பெயர், நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு மலையில், புல்லுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்! அன்று ஸ்ட்ரீட்காரில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வந்ததும் வராததுமாக ஊருக்கு இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று கல்லூரி முதல்வருக்கு. தேவி அக்கா தொலைபேசியை எடுத்து, அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் சொல்லிவிட்டார். அப்போது அது பெரிய எண்ணிக்கை இல்லை, ஒரு மாலையில் முடிந்துவிட்டது.

ஐந்தாம் வாரத்தில் முதல்வரின் பதில் வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பெண்கள் முன்னாலும் அறிவித்துவிட்டாராம். கைதட்டு அடங்க நேரமாயிற்றாம். ஆண்டு மலரின் முதல் பக்கத்துக்கு அந்த நீலப் பூச்சியின் படம் உடனே வேண்டுமாம். கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படத்தை வரைய உட்கார்ந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது வினை.

வயிற்றுப் பகுதியை வில்மட்டே முன்பு எடுத்துத் தகட்டில் வைத்திருந்தார். வயிற்றுத் தோல் முழுசாக, வளையம் வளையமாக இருந்தது. அதை வரைந்து முடித்தேன். பிறகு வயிறு நீக்கிய உடலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். மார்புக்குப் பின்னால் ஓரிடம் மெருகு போட்டதுபோல் மினுங்கியது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த தூரிகையால் தொட்டேன். பிசுபிசுவென்று கரைந்தது. பசை! அது கரைந்த இடத்தில், மார்போடு ஒட்டிக்கொண்டு, உண்மையாகவே அதன் உடம்பில் முளைத்த ஒரு வளையம் இருந்தது. வயிற்றின் முதல் வளையம்.

தகட்டில் இருந்த வயிற்றை மறுபடி எண்ணினேன். அதிலும் முதல் வளையம் இருந்தது.

ஒரு பூச்சிக்கு இரண்டு முதல் வளையம் இருக்க முடியாது. யாரோ இந்த உடம்பில் வேறொரு பூச்சியின் வயிற்றை ஒட்டியிருக்கிறார்கள். புது இனம் என்று நாங்கள் கொண்டாடியது இறகு ஒன்றும் வயிறு ஒன்றுமாக இரண்டு பூச்சிகள். என் பெயர் வைக்கவிருந்த பூச்சி உலகத்தில் எங்குமே பறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? பெட்டியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதை ஒளிப்பானேன். பசையைக் கரைத்ததும் நான், வளையத்தைப் பார்த்ததும் நான். நான் வாயைத் திறக்காவிட்டால் நூல் அச்சாகும், இன்னும் ஐம்பது வருடத்துக்கு யாரும் அந்த உடம்பைத் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. சனிக்கிழமை முழுவதும் நான் ஒரு கள்ளியாகத்தான் இருந்தேன். தேவி அக்காவோடு மேற்கிந்தியத் தீவுக்காரர்களின் சந்தைக்குப் போய், வாழைக்காய் தடவிப் பார்த்து, மிளகாய் முகர்ந்து பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி மேசையில், நான் கொண்டுவந்திருந்த வயிற்றுப் படத்தின் நகலை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரீச்சர், நான் இருபது வருசமா வரையிற வேலை. உப்பிடி ஒரு கோடு எனக்கு வராது. எங்கையும் தடுமாற்றம் இல்லைப் பாருங்கோ" என்றார்.

அதற்குமேல் தாங்கவில்லை. "அண்ணாச்சி, இது பொய்ப் படம்" என்று சொல்லி அழுதுவிட்டேன். இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

தேவி அக்கா தலையில் கைவைத்தார். "ஐயோ ரீச்சர், நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே! ஆருக்குத் தெரியப்போகுது? பேசாமல் விடுங்கோவன்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "பாலத்திலை ஒரு கோடு பிழை எண்டு தெரிஞ்சா நான் விடுவனோ? விட்டா, அதுக்குப் பிறகு நான் போடுற எந்தக் கோட்டை நான் நம்புறது?" என்று மனைவியிடம்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

திங்கட்கிழமை காலை வில்மட்டை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்து, எண்ணுங்கள் என்றேன். எண்ணினார். தகட்டை மாற்றி வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயிற்றைக் கழற்றியது நான். நான் எண்ணவே இல்லை. இவ்வளவு நாளில் ஒருமுறைகூட யாரும் வளையங்களை எண்ணி நான் பார்த்ததில்லை" என்றார்.

"எண்ணாமல் என்னால் வரைய முடியாது" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் சொல்லும்போது எனக்கு வந்த திமிர் இருக்கிறதே, அது முதல்வரின் கடிதத்தைப் படித்தபோதுகூட வரவில்லை.

வில்மட் என் முகத்தைப் பார்த்தார். நூலில் இன்னும் இரண்டு புது இனங்கள் இருந்தன. ஒன்றுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். அதை மாற்றி உங்கள் பெயரை வைத்துவிடுகிறேன், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றார். "அடுத்தவள் பெயரை அழித்துவிட்டு எனக்கு எதற்கு? வேண்டாம். ஒட்டியது யார் என்று முதலில் கேட்போம்" என்றேன்.

பூச்சிகளைச் சேகரித்தவர் ஹார்கன் என்ற ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர். நகரத்தின் ஓரத்தில் அஜின்கோர்ட் என்ற இடத்தில் இருந்தார். செவ்வாய்க்கிழமை வில்மட் தன் காரில் என்னைக் கூட்டிப்போனார். அந்தக் காரில் வெப்பக் காற்று காலுக்கு மட்டும் வரும். பாதம் வெந்து, மூக்கு விறைத்துப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பக்கம் புது வீடுகள், மறுபக்கம் அறுத்துப்போட்ட சோளக்காடு. நம் ஊர்களில் வயலுக்கு நடுவே ஊர் இருக்கும். அங்கே வயலைத் துரத்திக்கொண்டே ஊர் போய்க்கொண்டிருந்தது.

ஹார்கன் சத்தமாகப் பேசும், உற்சாகமான மனிதர். தேநீரும் கேக்கும் கொடுத்தார். "அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். வெயில் வந்தால் புல்லெல்லாம் பூச்சி. மேகம் ஒன்று குறுக்கே வந்தால் போதும், ஒன்றுகூடத் தெரியாது, அப்படியே உட்கார்ந்துவிடும். தொப்பியில் பிடித்திருக்கிறேன்!" என்றார்.

உடைந்த பூச்சிகள் ஏதாவது இருந்ததா என்று வில்மட் மெதுவாகக் கேட்டார்.

"உடையாமல் இருக்குமா? கோவேறு கழுதை ஒன்று பெட்டியைக் கீழே தள்ளிவிட்டது. திறந்து பார்த்தால் அடியில் வயிறுகள் தனியாக உருண்டுகிடக்கின்றன. வயிறில்லாத பூச்சியை எப்படி அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது? பார்க்கச் சகிக்கவில்லை. முகாமில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்ததைப் பக்கத்திலிருந்த பூச்சிக்கு ஒட்டினேன். ஒன்றுகூட மீதமில்லை!"

எவ்வளவு பெருமை அந்த முகத்தில். வில்மட் வாயைத் திறந்தார். நான் அவர் காலை லேசாக மிதித்தேன். அந்தக் கிழவர் தன் பூச்சிகளை ஊனமாக அனுப்ப மனசில்லாமல் செய்த காரியம் அது. "நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள்" என்றேன். அது உண்மைதான்.

திரும்பும் வழியில் கார் பாதியில் நின்றுவிட்டது. வில்மட் இயந்திரத்தைத் திறந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒன்றுகூட மீதமில்லை என்றாரே! அப்படியானால் தகட்டில் இருக்கும் அந்த விசித்திரமான வயிற்றுக்குச் சொந்தக்காரன் அதே பெட்டியில்தான், வேறொருவன் வயிற்றோடு இருக்கிறான். நம் நீலன் முதல் வளையத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டான். அப்படியென்றால் அவனுடைய வயிற்றில் ஒரு வளையம் குறையும். குறைந்த வயிறு யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ஆள். "டாக்டர், புது இனம் சாகவில்லை. அதைத் தேட வேண்டும்!" என்று சாலையோரத்தில் நின்று கத்தினேன்.

இருநூற்றுச் சொச்சம் பூச்சிகள். மீதி நாட்களெல்லாம் வளையம் எண்ணுவதிலேயே போயிற்று. பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தாங்களும் ஆளுக்கொரு பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். ஒட்டுப்போட்டவை நிறையவே இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு ஹார்கன் அதிர்ஷ்டவசமாகச் சரியான வயிற்றையே ஒட்டியிருந்தார். வில்மட் மனைவியின் பூச்சியை நானே இரண்டு தடவை எண்ணினேன். அது முழுசாக இருந்தது. அவரைவிட எனக்குத்தான் நிம்மதி.

ஏழாம் வாரம், புதன்கிழமை, ஒரு வளையம் குறைந்த வயிறு கிடைத்தது. அது ஒட்டியிருந்த பூச்சி பழுப்பு. மங்கின, காப்பிக் கறை மாதிரியான பழுப்பு. வயிற்றைக் கழற்றாமல் அதன் நுனியை மட்டும் பார்த்து, அது சாதாரண நீலன்தான், சாயம் போன ஒன்று என்று வில்மட் எப்போதோ ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தார். பசையைக் கரைத்தோம். மார்பில் வளையம் எதுவும் மிஞ்சவில்லை. அதில் ஒட்டியிருந்த வயிறு, உடம்பில் முதல் வளையம் மட்டும் மிஞ்சி நின்ற அந்த அழகான நீலனுடையது. உடைந்த விளிம்புகள் இரண்டும் பல்லோடு பல் பொருந்தின. தகட்டிலிருந்த வயிறு இந்தப் பழுப்பனுடையது. இரண்டையும் ஹார்கன் மாற்றி ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நீலன் புதியவன் இல்லை. பழுப்பன்தான் புதியவன்.

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வில்மட் மட்டும் சங்கடப்பட்டார். "இதுதான் புது இனம். ஆனால் உங்களுக்கு நான் வாக்குக் கொடுத்தது அந்த நீலத்தை. இந்த நிறத்துக்கு உங்கள் பெயரை வைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

"எனக்கு இதுதான் வேண்டும்" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அந்த நீலம் அவர் எனக்குக் கொடுத்தது. இந்தப் பழுப்பை நான் எண்ணி எடுத்தேன்.

நூலுக்கான கடைசிப் படமாக அதை வரைந்தேன். என் ஆயுளில் அதைவிட நல்ல கோடு நான் போட்டதில்லை. அதன் நகலோடு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, அறிவித்ததைத் தயவுசெய்து அதே கூட்டத்தில் திருத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தேவி அக்காவும் அண்ணாச்சியும் பூச்சியைப் பார்க்க வந்தார்கள். தேவி அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். வில்மட் பெட்டியைத் திறந்து நீட்டினார். பூச்சிக்குக் கீழே, ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமாக வைக்கும் மாதிரிப் பூச்சிக்கு மட்டும் போடும் சிவப்புச் சீட்டு. அதில் என் பெயர்.

தேவி அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "உதோ ரீச்சர்? உது கருகின முருங்கையிலை மாதிரியெல்லோ கிடக்கு!"

"சும்மா இரும்" என்று அண்ணாச்சி அதட்டினார். அவர் ஏற்கெனவே என் படத்தில் மூழ்கியிருந்தார்.

"இல்லை, நான் நீலப் பூச்சி எண்டெல்லோ சொன்னனான். இப்ப எல்லாரும் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பழுப்புன்னு சொல்லுங்கக்கா" என்றேன். "வயிறு அதோட சொந்த வயிறுன்னும் சேத்துச் சொல்லுங்க."